நான் சொன்ன பயான்கள்

எங்கள் பள்ளிவாசலில் பெண்கள் தொழுவதற்கு இடம் கிடையாது. அதற்காக என் மனைவி சும்மா இருந்துவிடவில்லை. கல்யாணமான முதல் வெள்ளிக்கிழமையே ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். நான் வெள்ளி மதியத் தொழுகையான ஜும்ஆவைத் தொழுதுவிட்டு வந்து தொப்பியைக்கூடக் கழற்றவில்லை, எதிரே வந்து நின்று, "பயான் என்னங்க இன்னைக்கு?" என்று கேட்டாள்.

பயான் என்பது ஜும்ஆத் தொழுகைக்கு முன்னால், அதை நடத்தும் ஹஜ்ரத் தமிழில் அரை மணி நேரம் பேசுவது. அதன் பிறகு மிம்பர் மேடையில் படியேறி அரபியில் குத்பா ஓதுவார், அது வேறு. குத்பா நேரத்தில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பக்கத்தில் பேசுகிறவனைப் பார்த்து 'பேசாதே' என்று சொல்வதுகூடத் தப்பு. பயானில் அவ்வளவு கெடுபிடி கிடையாது. தூணில் சாய்ந்துகொள்ளலாம். புது மாப்பிள்ளையான நான் சாய்ந்து தூங்கியே போயிருந்தேன். "நல்லதா நாலு விஷயம் சொன்னாரு" என்றேன். "அந்த நாலையும் சொல்லுங்க" என்றாள். அன்றிலிருந்து நான் பயானில் தூங்கியதில்லை.

அவள் உடுமலைப்பேட்டைக்காரி. அவளுடைய அத்தாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, தேங்காய் வியாபாரம். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது, பள்ளிவாசலில் கேட்டதை ஒரு வரி விடாமல் மனைவிக்கும் இரண்டு பெண்களுக்கும் ஒப்பிப்பாராம். எங்கள் வீட்டில் என் அத்தா வெள்ளிக்கிழமை கறி வாங்கி வருவார், சாப்பிடுவார், தூங்குவார். இரண்டு வீட்டு வழக்கமும் மார்க்கத்துக்கு உட்பட்டதுதான் என்று வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு வாரத்தின் தலை நாள். வியாழன் மாலை மஃரிப் பாங்கு சொன்னவுடனேயே அது தொடங்கிவிடும். அவள் என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைப்பாள். காலையில் நகம் வெட்டி, தலைக்குக் குளித்து, அத்தர் தடவிக்கொள்ள வேண்டும். அவள் குர்ஆனில் கஹ்ஃபு சூரா ஓதி முடிக்கும்வரை அடுப்படிப் பக்கம் போய் எதுவும் கேட்கக் கூடாது. ஐந்து வேளைத் தொழுகையில் அலட்சியமாக இருக்கிறவன்கூட ஜும்ஆவை விடமாட்டான். உடம்பு நன்றாக இருக்கிற, ஊரில் இருக்கிற ஆண்கள் எல்லோர் மேலும் அது கடமை. வீட்டில் தனியாகத் தொழுது அதை ஈடுகட்ட முடியாது. ஊரோடு சேர்ந்து வரிசையில் நின்றால்தான் ஜும்ஆ. காரணமில்லாமல் தொடர்ந்து மூன்று ஜும்ஆவை விட்டவனின் உள்ளத்தில் முத்திரை விழுந்துவிடும் என்று மதரஸாவில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தபாலாபீஸ் முத்திரை போல நெஞ்சில் கறுப்பாக ஒன்று விழும் என்று சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். எதுவெல்லாம் காரணமாகும் என்பதும் எனக்குத் தெரியும். நோய், பயணம், அடைமழை. ஃபர்னஸ் அந்தப் பட்டியலில் இல்லை.

நான் கோயமுத்தூர் கணபதியில் ஒரு ஷெட்டில் ஃபர்னஸ் ஆபரேட்டர். பம்புக்குப் போகிற இரும்புத் தண்டுகளைப் பழுக்கக் காய்ச்சி, சரியான நேரத்தில் எண்ணெய்த் தொட்டியில் இறக்கிக் கடினப்படுத்துவது வேலை. கொஞ்சம் முந்தினால் கடினம் ஏறாது, பிந்தினால் தண்டு கண்ணாடி மாதிரி உடையும். அந்த நேரத்தில் கைதேர்ந்த ஆள் ஒருவர் பக்கத்தில் நின்றாக வேண்டும். எங்கள் ஷெட்டில் அப்படி இரண்டு பேர் இருந்தோம். இன்னொருவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். வெள்ளிக்கிழமை பன்னிரண்டேகாலுக்கு, "நீங்க கெளம்புங்க பாய், நான் எறக்கிக்கறேன்" என்பார். பல வருஷம் அப்படியே ஓடியது. பிறகு அவர் மகனோடு இருக்கலாம் என்று திருப்பூருக்குப் போய்விட்டார்.

முதலாளி தெலுங்கு பேசும் குடும்பத்துக்காரர். அப்பா காலத்தில் நிலம், இவர் காலத்தில் இந்த ஷெட். அவர் வாயிலிருந்து 'ங்க' இல்லாமல் ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. நாயை விரட்டும்போதுகூட "போங்க, போங்க" என்பார். மூத்தவர் போன அன்று என்னிடம் வந்து, "ஏனுங்க பாய், ஆள் பாத்துட்டு இருக்கறனுங்க. அதுவரைக்கும் ஃபர்னஸைக் கொஞ்சம் நீங்களே பாத்துக்குங்க" என்றார். வெள்ளிக்கிழமையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. "செரிங்க" என்று சொல்லிவிட்டேன்.

இங்கே இன்னொரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை எங்களுக்கு மட்டும் நல்ல நாள் அல்ல. கோயமுத்தூர்ப் பட்டறைகளில் அன்று மாலை பூஜை தவறாது. எங்கள் ஷெட்டில் ஐந்தரைக்கு. அதற்குள் ஃபர்னஸ் அணைந்து, மிஷின்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்திருக்க வேண்டும். எண்ணெயிலிருந்து எடுத்த தண்டுகளை மறுபடி இளஞ்சூட்டில் இரண்டு மணி நேரம் வைக்கிற வேலையும் உண்டு. பின்னாலிருந்து கணக்குப் போட்டுப் பார்த்தால், வெள்ளிக்கிழமை லோடு சரியாக மதியம் ஒரு மணிக்கு ஃபர்னஸை விட்டு இறங்கியாக வேண்டும். ஜும்ஆவும் ஒரு மணி சுமாருக்குத்தான். மற்ற கிழமைகளில் லோடு முன்னே பின்னே போனால் யாரும் கேட்க மாட்டார்கள்.

முதல் வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு எங்கிருந்தோ காற்றில் பாங்கு கேட்டது. நான் ஃபர்னஸ் கதவுக்கு முன்னால் சூடு காட்டும் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலாளி கண்ணாடி அறைக்குள் இருந்தார். பத்தடி நடந்து போய்க் கதவைத் தட்டினால் போதும். என்ன சொல்வார் என்று மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். 'அதுக்கென்னங்க பாய்' என்பார், பிறகு முகம் லேசாகச் சுருங்கும், சுருங்கியதை மறைக்கச் சிரிப்பார். திட்டுகிற முதலாளியிடம் எதிர்த்துப் பேசலாம். இவரிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டே முக்கால் ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. தண்டுகளை இறக்கினேன்.

இரண்டேகாலுக்கு ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, அன்றாட மதியத் தொழுகையான லுஹரைத் தொழுதேன். ஜும்ஆவுக்குப் போனவனுக்குக் கடமை இரண்டு ரக்அத், போகாதவனுக்கு நான்கு. அந்த நான்கையும் தொழுது முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. தொழுகையில் உள்ளம் உருகி வந்த அழுகை இல்லை, என் மேல் வந்த எரிச்சல்.

மாலை பூஜைக்கு முன்னால் முதலாளி வழக்கம்போல ஒரு பேக்கரிப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். "பாய்க்குத் தனியா வாங்கி வெச்சிருக்கறனுங்க. கொழந்தைக்குக் குடுங்க." படையல் பொரியை நான் சாப்பிட மாட்டேன் என்று தெரிந்து, பத்து வருஷமாக மறக்காமல் செய்கிற மனிதர். இப்படிப்பட்டவரிடம் போய் உங்கள் பூஜை நேரத்தை மாற்றுங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் வெள்ளைச் சட்டை நினைவுக்கு வந்தது. காலையில் அவள் கவரில் போட்டுக் கொடுத்தது, மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது. பாத்ரூமுக்குப் போய் அதைப் போட்டுக்கொண்டேன். கையை மடக்கி நீட்டினேன். நெற்றியைத் தரையில் வைக்கும் சஜ்தாவில் விழும் சுருக்கம் வயிற்றுப் பக்கம்தான் அதிகம் என்று குனிந்து குனிந்து நிமிர்ந்தேன். பிறகு கழற்றிச் சுருட்டிக் கவரில் போட்டேன். நாற்பத்திரண்டு வயது ஆம்பிளை, பாத்ரூமுக்குள் தாழ் போட்டுக்கொண்டு சட்டையைக் கசக்கிய கதை இது.

"பயான் என்னங்க இன்னைக்கு?" என்றாள், டீயை வைத்துக்கொண்டே.

போகவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'ஏன் போகல?' என்பாள். 'மொதலாளிகிட்டக் கேக்கல' என்று சொல்ல வேண்டும். பயந்துகொண்டு நின்றேன் என்பதை மனைவியிடம் சொல்ல எந்தப் புருஷனுக்கு வாய் வரும்? எப்போதோ கேட்ட பயான் ஒன்றை எடுத்துவிட்டேன். பெற்றவர்களுக்குப் பணிவிடை செய்வது பற்றி. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

அடுத்த வெள்ளி அண்டை வீட்டார் உரிமை. குழம்பு வைத்தால் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து வைத்துப் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள் என்பது எல்லா முஸ்லிம் வீட்டிலும் தெரிந்த விஷயம்தான். ஆனால் நான் அதைச் சொன்ன விதம் எனக்கே பிடித்திருந்தது. ஹஜ்ரத் எங்கே நிறுத்துவார், எங்கே குரலை இறக்குவார் என்று பதினான்கு வருஷம் விழித்திருந்து கேட்டவனாயிற்றே. மறுநாள் அவள் பக்கத்து வீட்டுக்குக் கத்திரிக்காய்க் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த அம்மணி பாத்திரம் நிறையப் பணியாரத்தோடு திருப்பிக் கொடுத்தார்கள்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு விட்டால் மூன்று. பன்னிரண்டரைக்கு முதலாளி ஷெட்டுக்குள் வந்தார். கேட்டுவிட வேண்டும் என்று அவரை நோக்கி இரண்டடி வைத்தேன். "பாய் இருக்கறதுனால எனக்கு ஒரு கவலை இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு மணிக்குத் தண்டுகளை இறக்கினேன். முத்திரை விழுந்ததா என்று தெரியவில்லை. மாலையில் பசித்தது, பேக்கரிப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு பன்னைத் தின்றேன். பயப்பட வேண்டியவனுக்குப் பசி எடுத்ததே, அதுதான் முத்திரையோ என்று அப்புறம் தோன்றியது.

அன்று சொன்ன பயான் உறவை முறிப்பது பற்றி. என் மனைவிக்கும் அவளுடைய அக்காவுக்கும் ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார வைத்த விஷயமாக மனத்தாங்கல். இரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அதை மனத்தில் வைத்தேதான் பேசினேன். முதலில் ஃபோன் செய்கிறவர்களுக்குத்தான் நன்மை அதிகம் என்றும் ஹஜ்ரத் சொன்னதாகச் சேர்த்துக்கொண்டேன். மறுநாள் காலையில் அவள் அக்காவுக்கு ஃபோன் போட்டாள். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் அழுதார்கள், அடுத்த ஒரு மணி நேரம் சிரித்தார்கள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். தப்பு செய்துகொண்டிருக்கிறேன் என்ற எண்ணமே அன்று எனக்கு வரவில்லை.

பிறகு அது எனக்குப் பழகிவிட்டது. வியாழக்கிழமையே தலைப்பு யோசிக்கத் தொடங்கினேன். ஃபர்னஸ் பக்கத்தில் நின்றுகொண்டு மெதுவாகப் பேசிப் பார்ப்பேன். "ஹஜ்ரத் இப்பெல்லாம் ரொம்ப நல்லாப் பேசறாருங்க. முன்னாடி இத்தன தெளிவா இல்ல" என்று அவள் சொன்னபோது, கொஞ்சம் பெருமையாகவும் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. பேசியது நான், பேர் வாங்கியது ஹஜ்ரத். எங்கள் ஹஜ்ரத்துக்குப் பயானை ஃபோனில் பதிவு செய்து பரப்புவது பிடிக்காது. எங்கள் தெருவில் எங்களைத் தவிர அந்தப் பள்ளிவாசலைச் சேர்ந்த ஜமாஅத்துக்காரர்கள் யாரும் இல்லை. ஆகவே அவளுக்கு வேறு வழியில் தெரிய வாய்ப்பும் இல்லை.

ஏழாவது வாரமோ என்னவோ, அவளுக்கு ஒரு வேலை வந்தது. கல்யாணத்துக்கு முன்பே கணக்கில் பட்டம் வாங்கியவள். எங்கள் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு பி.எட். முடித்தாள். மதுக்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால்தான் சரியாக இருக்கும்.

"போகட்டுங்களா?" என்று கேட்டாள்.

"உன் இஷ்டம்" என்றேன்.

அப்படிச் சொன்னேனே தவிர, எனக்கு இஷ்டமில்லை. இரண்டு பஸ், பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புவது, மதியச் சாப்பாடு என்று வெளியே சொல்லிக்கொள்ளக் காரணங்கள் இருந்தன. உள்ளே இருந்தது பொறாமை. நான் காலை எட்டிலிருந்து மாலை ஏழு வரை அந்தச் சூட்டில் ஒரு கதவுக்கு முன்னால் நிற்கிறேன், வாரத்தில் ஒரு மணி நேரம் வெளியே போகக்கூட நாக்கு எழாமல் கிடக்கிறேன். இவள் பாட்டுக்கு நல்ல புடவை கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போவாள், நாற்பது பிள்ளைகள் எழுந்து நின்று குட்மார்னிங் சொல்லும். அவள் இரண்டு காட்டன் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்து மடித்து வைத்திருந்ததைப் பார்த்தபோது என் வயிறு எரிந்தது. பெண்டாட்டி மேல் பொறாமைப்படுவது அசிங்கம் என்று தெரியும். தெரிந்தே பட்டேன்.

எட்டாவது வெள்ளிக்கிழமை அவள் டீயை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து கேட்டாள். நான் சொன்னேன்.

ஹஜ்ரத் இன்று வீட்டைப் பற்றிப் பேசினார் என்றேன். பிள்ளை எழுந்திரிக்கும் முன்னால் தாய் படியிறங்கிப் போகிற வீட்டில் அல்லாஹ்வின் பரக்கத் நிற்காது என்றேன். படித்த பெண் தன் படிப்பைத் தன் பிள்ளைக்குக் கொடுத்தாலே போதும், அதற்கே பெரிய கூலி இருக்கிறது என்றேன். குரலை எங்கே இறக்க வேண்டுமோ அங்கே இறக்கினேன். நன்றாகவே பேசினேன்.

"ஹஜ்ரத்துங்களா இப்படிச் சொன்னாரு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"ஆமா."

சனிக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் செய்து, வீட்டுச் சூழ்நிலை சரியில்லை, வர முடியாது, மன்னிக்கணும் என்று சொன்னாள். நான் பக்கத்து அறையில் இருந்தேன். அவள் குரல் உடையவில்லை. இரண்டு புடவைகளையும் பீரோவின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினாள். பிறகு என்னிடம் வந்து, "மனசு கேக்கலீங்க. ஆனா பள்ளிவாசல்ல அப்படிச் சொல்றப்ப, நம்மளுக்குன்னே சொன்னாப்பல இருக்குது" என்றாள்.

அவள் கோபப்பட்டிருந்தால், அழுதிருந்தால், ஏதாவது ஒரு பக்கம் வழி கிடைத்திருக்கும். அவள் பணிந்துபோனாள். எனக்குப் பணியவில்லை, அல்லாஹ்வுக்குப் பணிந்ததாக நினைத்துக்கொண்டு பணிந்தாள். நான் ஜும்ஆவை விட்டது எனக்கும் என்னைப் படைத்தவனுக்கும் இடையில் உள்ளது. இது அப்படி அல்ல. என் வயிற்றெரிச்சலுக்குத் தாடியும் தலைப்பாகையும் வைத்து மிம்பருக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டுமானால் எட்டு வாரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவள் இப்படியே இருப்பாள். வீட்டில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, ஷெட்டில் மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. எங்கே போனாலும் ஏதோ ஒன்றுக்கு முன்னால் நான் நின்றுகொண்டே இருந்தேன்.

ஒன்பதாவது வாரம் பொறுமையைப் பற்றி ஏதோ உளறிவிட்டு நகர்ந்தேன். பத்தாவது வாரம், நானே போட்ட முடிச்சை நானே அவிழ்த்துவிடலாம் என்று ஒரு யோசனை செய்தேன். நபிகளின் முதல் துணைவியாரே வியாபாரம் செய்தவர், வேலைக்குப் போகும் பெண்ணைத் தடுப்பவன் பாவி என்று ஹஜ்ரத் மேஜையைத் தட்டிச் சொன்னார் என்றேன். மேஜையைத் தட்டியது கொஞ்சம் அதிகம்தான்.

அவள் என்னையே பார்த்தாள். "அதே ஹஜ்ரத்துங்களா?"

"ஆமா. ஏன்?"

"ரெண்டு வாரத்துக்கு முந்தி வேற சொன்னாருங்களே. எனக்கு வெளங்கலீங்க. அவரு அன்னைக்குச் சொன்னத நம்பித்தான நான் வேண்டாம்னு போட்டேன்." பிறகு அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். "அடுத்த வெள்ளிக்கெழம அத்தா வாராரு. உங்ககூட ஜும்ஆவுக்கு வருவாருல்ல, அப்ப ஹஜ்ரத்கிட்டயே நேராக் கேட்டுட்டு வரச் சொல்றேன்."

நான் டீயைக் குடித்தேன். அது எப்போதோ ஆறியிருந்தது.

என் மாமனார் பயானை ஒரு வரி விடாமல் ஒப்பிக்கிற மனிதர். கேட்கச் சொன்னால் கேட்டுவிட்டுத்தான் வருவார். அந்த வாரம் முழுக்க நான் சரியாகச் சாப்பிடவில்லை. காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். படுத்தாலும் அவர் தனியாகப் போய்க் கேட்பார். ஹஜ்ரத் முழிப்பார். 'உங்க மருமகனை நான் பாத்தே ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சுங்களே' என்பார். அந்த மனிதருக்கு ஒரு பாவமும் தெரியாது.

வியாழக்கிழமை மதியம் முதலாளியின் கண்ணாடி அறைக் கதவைத் தட்டினேன். பத்து வாரமாக மனத்துக்குள் உருப்போட்டதையெல்லாம் மறந்துவிட்டேன்.

"நாளைக்கு ஜும்ஆவுக்குப் போகோணுங்க" என்றேன்.

"போங்க பாய். அதுக்கென்னங்க?" என்றார். பிறகு ஏதோ புரிந்தவராக மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஏனுங்க, இத்தன நாளா நீங்க போறதில்லீங்களா?"

"ஒரு மணிக்கு லோடு எறக்கோணுமில்லீங்க."

"அட, நீங்க ஒன்னுமே சொல்லலியே! சாயங்காலமும் உங்காளுங்க தொழுவாங்கல்ல, நேரத்த மாத்திக்கிட்டீங்கன்னு நெனச்சுட்டு இருக்கறனுங்க. நாளைக்கு லோடை ரெண்டரைக்கு எறக்குங்க. பூஜைய ஏழு மணிக்கு வெச்சாப் போச்சு. சாமி எங்கீங்க போயிருது?"

அவ்வளவுதான். முகம் சுருங்கவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார், "சொல்லியிருக்கலாமில்லீங்க பாய்" என்று மூன்று தடவை சொன்னார். எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் வந்தது. ஒரு தடவையாவது கேட்டிருக்கக் கூடாதா? அப்புறம் என் மேல் வந்தது. பூட்டியிருக்கிறது என்று நினைத்துப் பத்து வெள்ளிக்கிழமை நான் கதவைத் தள்ளியே பார்க்கவில்லை. 'வேண்டாம்' என்று வாயால் சொல்லத் தெரியாத அவரும், 'வேண்டும்' என்று வாயால் கேட்கத் தெரியாத நானும் மாறி மாறி மரியாதை செய்துகொண்டிருந்திருக்கிறோம். அதே நாக்குத்தான் வீட்டில் 'உன் இஷ்டம்' என்று சொல்லியிருக்கிறது.

அன்று சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன். மஃரிப் தொழுது முடித்து, அவள் அடுப்படித் தரையில் உட்கார்ந்து மறுநாள் அத்தாவுக்கு ஆக்கப்போகும் பிரியாணிக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மகள் மாடி வீட்டுக்கு டியூஷன் போயிருந்தாள். நானும் எதிரே உட்கார்ந்து ஒரு பூண்டை எடுத்தேன்.

"அத்தாவை ஹஜ்ரத்கிட்ட ஒன்னும் கேக்கச் சொல்ல வேண்டாம்" என்றேன்.

"ஏனுங்க?"

சொன்னேன். மூத்தவர் திருப்பூர் போனது, ஒரு மணி லோடு, ஸ்டோர் ரூம், பாத்ரூமில் கசக்கிய சட்டை. இடையில் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி தொடங்க மாட்டேன் என்று தெரியும். அவள் பூண்டு உரிப்பதை நிறுத்தவில்லை. ஜும்ஆவை விட்டதற்கு அழுவாள், மூன்று வெள்ளியைச் சொல்லித் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அப்ப பயானு?" என்றாள்.

"நானாச் சொன்னதுதான்."

"பக்கத்து ஊட்டுக்குக் கொழம்பு குடுக்கச் சொன்னது?"

"நான்தான்."

"அக்காகிட்டப் பேசச் சொன்னது?"

"அதுவும் நான்தான்."

கையிலிருந்த பூண்டுப் பல்லை முழுதாக உரித்துக் கிண்ணத்தில் போட்டாள்.

"ஸ்கூலு?"

நான் தலையை ஆட்டினேன். வாயால் சொல்லச் சொல்லி அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நான்தான்" என்றேன். "எனக்குப் பிடிக்கல. அத உங்கிட்டச் சொல்லத் தைரியமில்ல."

இன்னொரு தடவை ஃபோன் செய்து பார்க்கச் சொன்னேன். நானே நேரில் போய்ப் பேசுகிறேன் என்றும் சொன்னேன்.

"திங்கக்கெழமையே வேற டீச்சரப் போட்டுட்டாங்க" என்றாள். அவள் அங்கே விசாரித்திருக்கிறாள். எனக்கு அது அதுவரை தெரியாது.

முறத்திலிருந்த தோலையெல்லாம் ஒன்றாகக் கூட்டி அள்ளினாள். எழுந்து நின்ற பிறகுதான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"கொழம்பு குடுன்னு நீங்களாச் சொல்லியிருந்தாலே குடுத்திருப்பனுங்க. அக்காகிட்டப் பேசுன்னு நீங்களாச் சொல்லியிருந்தாலும் பேசியிருப்பேன். வேலைக்குப் போகாதேன்னு நீங்களாச் சொல்லியிருந்தா, உங்ககூடச் சண்டை போட்டுட்டுப் போயிருப்பேன்."